எக்ஸ்ரே அறையின் கதிர்க்காப்பு: கணக்கும் கட்டுமானமும்

எக்ஸ்ரே அறையின் கதிர்க்காப்பு என்பது, உள்ளே ஒரு நோயாளிக்காகப் பாய்ச்சப்படும் கதிர் வெளியே இருப்பவர் உடலில் அனுமதித்த அளவுக்கு மேல் சேராதபடி தடுக்கும் கட்டுமானம். இந்தியாவில் பொதுமக்களுக்கு அந்த அளவு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். காத்திருப்போர், பக்கத்துக் கடைக்காரர், மாடியில் குடியிருப்பவர் எல்லோரும் இந்த வரம்புக்குள் வருகிறார்கள். கதிர்ப் பணியாளர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு தனி ஆண்டிலும் 30-க்கு மேல் போகக்கூடாது. கர்ப்பமான பணியாளர் அதைத் தெரிவித்த நாளிலிருந்து, வயிற்றிலுள்ள கருவுக்குப் பொதுமக்களுக்கான அதே 1 மில்லிசீவர்ட் வரம்பு பொருந்தும்.

எக்ஸ்ரே குழாய்க்கு மின்சாரம் பாயும் நொடியில் மட்டுமே கதிர் பிறக்கிறது. பொத்தானிலிருந்து விரலை எடுத்ததும் அது இல்லாமல் போகிறது. சுவரிலோ காற்றிலோ படுக்கையிலோ அது தங்குவதில்லை. எக்ஸ்ரே மையத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்கள் இரவும் பகலும் கதிர் கசிவதாக அஞ்சுவதற்கு அடிப்படை இல்லை. ஆனால் இயந்திரம் இயங்கும் நொடிகளில் சுவர் தன் வேலையைச் செய்கிறதா என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

கதிருக்குக் காப்பு வேண்டும் என்பதை மருத்துவ உலகம் உயிர்களை இழந்துதான் அறிந்தது. வில்ஹெல்ம் ராண்ட்கன் வூர்ட்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பரில் இக்கதிரைக் கண்டார். சில மாதங்களுக்குள் உலகெங்கும் மருத்துவர்கள் எந்தத் தடுப்பும் இல்லாமல் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டேலி தம் கைகளையே கதிரில் நீட்டிச் சோதனை செய்துவந்தவர். கைகளை வெட்டி எடுத்தும் பிழைக்காமல் 1904-இல் புற்றுநோயால் இறந்தார். இப்படி இறந்த மருத்துவர்கள், பணியாளர்களின் பெயர்களைத் தாங்கிய நினைவுத்தூண் 1936-இல் ஹாம்பர்க்கில் நிறுவப்பட்டது. கதிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டுக் குழு ஸ்டாக்ஹோமில் 1928-இல்தான் அமைந்தது. இந்தியாவில் 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் 1983-இல் உருவான அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமே மருத்துவ எக்ஸ்ரே கருவிகளுக்கும் பொறுப்பு. 2004-ஆம் ஆண்டின் கதிர்ப் பாதுகாப்பு விதிகளின்படி, சிறிய கிளினிக்கின் சாதாரண எக்ஸ்ரே கருவிக்குக்கூட வாரியத்தின் பதிவு வேண்டும். சிடி ஸ்கேனுக்கு உரிமமே வேண்டும்.

அறைக்குள் சுவரை நோக்கி வரும் கதிர் மூன்று வகைப்படும். குழாயின் வாயிலிருந்து நேராக வரும் முதன்மைக் கதிர் ஒன்று. நோயாளியின் உடலில் பட்டு எல்லாத் திசைகளிலும் தெறிக்கும் சிதறல் கதிர் இன்னொன்று. குழாயைச் சுற்றியுள்ள காரீயக் கூட்டைத் தாண்டி ஒழுகும் கசிவுக் கதிர் மூன்றாவது. கசிவுக்குக் கருவி செய்பவரே பொறுப்பு: குழாயிலிருந்து 1 மீட்டர் தொலைவில் ஒரு மணி நேரத்தில் 1 மில்லிகிரேக்கு மேல் போகக்கூடாது. கட்டடம் கட்டுபவர் கவனிக்க வேண்டியவை மற்ற இரண்டும். அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. நோயாளியிடமிருந்து 1 மீட்டரில் அளக்கும் சிதறல், அவர் மேல் விழும் கதிரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அறையின் நான்கு சுவர்களுக்கும் ஒரே தடிமன் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் இங்கேதான் தவறுகிறது. முதன்மைக் கதிர் நேராகப் படும் சுவர் ஒன்றோ இரண்டோதான். மற்றவை சிதறலை மட்டும் தாங்கினால் போதும்.

ஒரு பொருள் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பது அதன் அடர்த்தியையும் அணு எண்ணையும் பொறுத்தது. மருத்துவ எக்ஸ்ரே பெரும்பாலும் 50 முதல் 125 கிலோவோல்ட் வரை இயங்குகிறது. இந்த ஆற்றலில், கதிரை முழுதாக விழுங்கும் நிகழ்வு அணு எண் கூடக்கூட மிக வேகமாகப் பெருகும். அணு எண் 82 கொண்ட காரீயம் மெல்லிய தகடாகவே பயன்படுவதற்கு இதுவே காரணம். 100 கிலோவோல்ட்டில் கதிரைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கக் காரீயம் 0.9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலே போதும். காங்கிரீட் என்றால் 5.3 சென்டிமீட்டர் வேண்டும். அடுத்த 5.3 சென்டிமீட்டர் நூறில் ஒன்றாக்கும், அதற்கடுத்தது ஆயிரத்தில் ஒன்றாக்கும். எவ்வளவு தடித்த சுவரானாலும் கதிரை முற்றிலும் பூஜ்யமாக்குவதில்லை. வரம்புக்குக் கீழே கொண்டுவருவதுதான் சுவரின் வேலை.

செங்கல்லின் கணக்கு அதன் எடையில் இருக்கிறது. அடர்த்தி 1.6 கொண்ட நல்ல செங்கல்லில் கட்டிய ஒன்பது அங்குலச் சுவர், அதாவது 23 சென்டிமீட்டர், தோராயமாக 15 சென்டிமீட்டர் காங்கிரீட்டுக்குச் சமம். வாரியத்தின் 2001-ஆம் ஆண்டு விதித்தொகுப்பு பொதுமக்கள் புழங்கும் பக்கத்து இடங்களைக் காக்கக் கேட்டது இந்த ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத்தான், அல்லது 1.7 மில்லிமீட்டர் காரீயத்துக்கு ஈடான தடுப்பை. நம் கொத்தனார்கள் ‘ஒரு கல் சுவர்’ என்று சொல்லும் அதே சுவர்தான். கிளினிக் கட்டும் மருத்துவர் பெரும்பாலும் தனியாகக் காரீயச் சுவர் எழுப்பத் தேவையில்லை.

ஆனால் இன்று கட்டுமானம் மாறிவிட்டது. நகரங்களில் எழும் புதிய கட்டடங்களில் நாட்டுச் செங்கல்லுக்குப் பதிலாக ஹாலோ பிளாக்கும், ஏஏசி என்று விற்கப்படும் இலேசான காற்றுக் காங்கிரீட் கற்களும் வந்துவிட்டன. ஏஏசி கல்லின் அடர்த்தி 0.6 அளவில் இருக்கும். அதில் கட்டிய 23 சென்டிமீட்டர் சுவர் 6 சென்டிமீட்டர் காங்கிரீட்டுக்குத்தான் ஈடு. அளவுகோலில் ஒன்பது அங்குலம் சரியாக இருக்கும், கதிர்த்தடுப்பில் பாதிகூட இருக்காது. ஹாலோ பிளாக்கில் கதிர் போகும் பாதையில் கல்லின் உடம்பைவிட வெற்றிடமே கூடுதலாக வரக்கூடும். எக்ஸ்ரே அறைக்கு வாடகைக் கட்டடம் பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது சுவர் எந்தக் கல்லால் ஆனது என்பதைத்தான். ஒரு ஓரத்தில் பூச்சைக் கொத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். போதாத சுவருக்குக் காரீயத் தகடு வேய்ந்த பலகை பொருத்தலாம், அல்லது பேரியம் சல்பேட் கலந்த பூச்சு பூசலாம். பேரியத்தின் மூலக்கனிமமான பேரைட்டின் அடர்த்தி 4.5, சாதாரணக் காங்கிரீட்டைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆந்திரத்தின் மங்கம்பேட்டையில் இதன் மிகப்பெரிய படிவம் இருக்கிறது. எனினும் பூச்சின் தரம் கலவை விகிதத்தையும் பூசுபவரின் கையையும் நம்பியிருக்கிறது. பூசிய பிறகு அளந்து பார்க்காமல் அதை ஏற்கக்கூடாது.

எவ்வளவு தடுப்பு வேண்டும் என்பதை நான்கு அளவுகள் தீர்மானிக்கின்றன: வாரத்துக்கு எத்தனை நோயாளிகள், கதிர் எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் திரும்புகிறது, சுவருக்கு அப்பால் ஆள் எவ்வளவு நேரம் இருக்கிறார், இடையே எத்தனை மீட்டர். இவற்றில் தொலைவுதான் காசில்லாமல் கிடைக்கும் காப்பு. தொலைவு இரட்டித்தால் கதிர் நான்கில் ஒன்றாகிவிடும். 2001 விதித்தொகுப்பு பொது எக்ஸ்ரே அறைக்குக் குறைந்தது 18 சதுர மீட்டர் பரப்பும், எந்தப் பக்கமும் 4 மீட்டருக்குக் குறையாத அளவும் கேட்டது இதனால்தான். ஒரே அறையில் இரண்டு கருவிகள் வைக்கக்கூடாது என்றும் அது விதித்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கத் தேசியக் கதிர்ப் பாதுகாப்புக் குழு 2004-இல் வெளியிட்ட 147-ஆம் அறிக்கை, பல மருத்துவமனைகளில் திரட்டிய தகவலைக் கொண்டு ஒரு நோயாளிக்குச் சராசரி வேலைப்பளு 2.5 மில்லியாம்பியர்–நிமிடம் என்று கொள்கிறது. வாரம் 120 நோயாளிகள் வரும் அறைக்கு அது 300. குழாய் 100 மில்லியாம்பியரில் ஓடினால், ஒரு வாரம் முழுவதும் கதிர் பாயும் மொத்த நேரம் 3 நிமிடம்தான்! அதே அறிக்கையின்படி ஒரு நோயாளியால் 1 மீட்டரில் தெறிக்கும் சிதறல் ஏறத்தாழ 0.034 மில்லிகிரே. 120 பேருக்கு 4.1 மில்லிகிரே. படுக்கையின் நடுவிலிருந்து 1.8 மீட்டரில் சுவர், சுவரின் தடிமன் 23 சென்டிமீட்டர், அதற்கு அப்பால் 30 சென்டிமீட்டரில் பெஞ்சில் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். மொத்தத் தொலைவு 2.33 மீட்டர். சுவரே இல்லையென்றால் அவருக்கு வாரம் 0.75 மில்லிகிரே சேரும். ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் வரம்பை 50 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 0.02. ஆக, கதிரை 38-இல் ஒன்றாகக் குறைக்க வேண்டும். அதற்குக் காரீயம் என்றால் அரை மில்லிமீட்டர், காங்கிரீட் என்றால் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இதைப்போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட காங்கிரீட் தடிமனுக்குச் சமம்.

நின்றபடி மார்புப் படம் எடுக்கும் சுவர்ப்பக்கம் நிலைமை வேறு. அங்கே குழாய் நேராகச் சுவரை நோக்குகிறது. அதே 120 நோயாளிகள் என்று கொண்டால், அறிக்கையின் சராசரிப்படி சுவருக்கு அப்பால் 2.5 மீட்டரில் தடுப்பில்லாத கதிர் வாரம் 44 மில்லிகிரே. பெஞ்சுப் பக்கத்தைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு. அங்கே ஆள் முழுநேரமும் இருந்தால் கதிரை 2,200-இல் ஒன்றாகக் குறைக்க வேண்டும். ஒன்பது அங்குலச் சுவர் தனியாக 100 கிலோவோல்ட்டில் தருவது தோராயமாக 700 முதல் 900-இல் ஒன்று. படம் பதியும் பலகையும் அதைத் தாங்கும் நிலையமைப்பும் சேர்ந்து மீதியைத் தடுக்கின்றன. இந்த அமைப்பு முழுவதும் 0.85 மில்லிமீட்டர் காரீயத்துக்கு ஈடு என்று அறிக்கை கொள்கிறது. ஆனால் பலகையின் விளிம்பைத் தாண்டிக் கதிர்ப்புலம் விரிந்தால் அந்தத் துணை இல்லாமல் போகும். மார்புப் படத்தின் கிலோவோல்ட் கூடினாலும் சுவரின் தடுப்பு குறையும். எனவே மார்பு நிலையம் வைக்கும் சுவர் கட்டடத்தின் வெளிச்சுவராக, ஆள் தங்காத பக்கமாக இருப்பது நல்லது. முடியாவிட்டால் நிலையத்துக்குப் பின்னால் தரையிலிருந்து 2 மீட்டர் உயரம் வரை கூடுதலாகக் காரீயப் பலகை பொருத்த வேண்டும். இருக்கும் இடமெல்லாம் பங்கு போட்ட பிறகு மிஞ்சிய மூலையில் மார்பு நிலையத்தை நிறுத்துவதும், அதன் முதுகுப்பக்கத்தில் காத்திருப்போர் நாற்காலிகளைப் போடுவதும் தவிர்க்கவே வேண்டிய அமைப்பு.

ஆள் இருக்கும் நேரத்தைக் கணக்கிடுவதில் நிதானம் வேண்டும். அலுவலக அறைக்கும் வரவேற்பு மேசைக்கும் முழு மதிப்பு, நடைபாதைக்கு ஐந்தில் ஒன்று, கழிப்பறைக்கும் பணியாளர் இல்லாத காத்திருப்பு இடத்துக்கும் இருபதில் ஒன்று, படிக்கட்டுக்கு நாற்பதில் ஒன்று என்று அமெரிக்க அறிக்கை பிரிக்கிறது. நோயாளி வந்து போய்விடுவார், ஒரே ஆள் நாள்தோறும் அங்கே உட்கார மாட்டார் என்பது இதன் நியாயம். ஆனால் தமிழகத்தின் சிறிய கிளினிக்குகளில் டோக்கன் கொடுப்பவரும் மருந்து தருபவரும் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பு இடத்திலேயே நாள் முழுக்க இருக்கிறார்கள். அங்கே இருபதில் ஒன்று என்று கொள்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி. முழு மதிப்பையே எடுக்க வேண்டும்.

கணக்கில் தேறிய அறை கட்டுமானத்தில் தோற்பது பெரும்பாலும் திறப்புகளால்தான். கதவு முதலில் வருகிறது. மரக்கதவு கதிருக்குத் தடையே அல்ல. அதற்குள் 2 மில்லிமீட்டர் காரீயத் தகடு வேண்டும். அந்தத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 22.7 கிலோ எடை கொண்டது. ஸ்ட்ரெச்சர் நுழையும் 1.2 மீட்டர் அகலக் கதவில் காரீயம் மட்டும் 57 கிலோ ஏறும். சாதாரணக் கீலில் தொங்கவிட்டால் சில மாதங்களில் கதவு தரையைத் தேய்க்கும். பிறகு பணியாளர் அதைத் திறந்தே வைப்பார், போட்ட காரீயம் வீணாகும். காரீயம் மென்மையான உலோகம். வெறும் தகடாக ஆணியடித்து நிறுத்தினால் தன் எடையிலேயே மெல்ல மெல்லக் கீழே இறங்கி, மேல்விளிம்பில் இடைவெளி விடும். அதனால் இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே ஒட்டிச் செய்வதே முறை. தகடுகள் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று குறைந்தது 1 சென்டிமீட்டராவது ஏறி நிற்க வேண்டும். கதவு மூடும் இடத்தில் நிலைச்சட்டத்துக்குள்ளும் காரீயம் இருந்து, கதவின் காரீயத்தோடு மேலடுக்காகப் பொருந்த வேண்டும். ஒற்றைக் கதவே நல்லது. இரட்டைக் கதவின் நடுச்சந்தில் காரீயப் பட்டை இல்லையென்றால் அந்தச் சந்தின் நேரே கதிர் வெளியேறும்.

ஜன்னல், வென்டிலேட்டர் ஆகியவற்றுக்கு விதி எளிது: தடுப்பில்லாத திறப்பு வெளிப்பக்கத் தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேலே இருக்க வேண்டும். வெளியே நிற்பவரின் தலைக்கு மேலே கதிர் போய்விடும் என்பது இதன் பொருள். பக்கத்து வீட்டு மாடி மூன்றடி தள்ளி நிற்கும் நெருக்கமான தெருவில் இந்த நியாயம் செல்லாது. அங்கே எதிர்வீட்டு முதல் மாடி ஜன்னலின் உயரத்தையும் வரைபடத்தில் குறித்து, தேவையானால் வென்டிலேட்டருக்கும் காரீயம் போட வேண்டும்.

இவற்றைவிட எளிதில் கண்ணுக்குத் தப்புபவை சின்னத் துளைகள். சுவரை வெட்டி மின்குழாய் புதைத்த இடத்தில் பாதித் தடிமன்தான் மிஞ்சும். சுவிட்ச் பெட்டி உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாகப் பதிக்கப்பட்டால் நடுவே கல்லே இல்லை. ஏசியின் செப்புக்குழாய்க்கு இட்ட துளையும் இப்படித்தான். கல்லுக்குக் கல் இடையே கலவை நிரம்பாமல் விட்ட சந்துகளைப் பூச்சு மறைத்துவிடும், கதிர் கண்டுபிடித்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் கட்டும்போதே செய்யக்கூடிய எளிய தீர்வுகள் உண்டு: துளையைச் சாய்வாக இடுவது, பெட்டிக்குப் பின்னால் ஒரு துண்டுக் காரீயம் வைப்பது, கொத்தனாரிடம் சந்தை நிரப்பச் சொல்லி அருகில் நின்று பார்ப்பது.

எக்ஸ்ரே எடுக்கும் பணியாளரின் இடம் தனிக் கவனத்துக்குரியது. நோயாளி ஒரு முறை படம் எடுத்துப் போய்விடுகிறார். பணியாளர் வேலையில் இருக்கும் காலமெல்லாம் அங்கே நிற்கிறார். கட்டுப்பாட்டுப் பலகைக்கும் கருவிக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். முன்னால் 1.5 மில்லிமீட்டர் காரீய ஈடு கொண்ட தடுப்பும் காரீயக் கண்ணாடி ஜன்னலும் வேண்டும். 125 கிலோவோல்ட்டோ அதற்கு மேலோ இயங்கும் கருவியின் கட்டுப்பாட்டுப் பலகைக்குத் தனி அறையே வேண்டும் என்பது விதி. சுவரில் ஒரு முறை பட்டுத் திரும்பிய கதிர்கூட நேராக அவரை அடையாதபடி தடுப்பின் நீளமும் கோணமும் அமைய வேண்டும். கதிர் பாய்ச்சும் பொத்தானின் கம்பி, அவர் தடுப்பை விட்டு எட்டிப் பார்த்தபடி அழுத்த முடியாத அளவுக்குக் குட்டையாக இருப்பது நல்லது. மார்பில் அணியும் டிஎல்டி பேட்ஜ் அவர் வாங்கிய கதிரைப் பிறகு சொல்லும், முன்கூட்டித் தடுக்காது.

மேல்தளமும் கீழ்த்தளமும் பெரும்பாலான கிளினிக்குகளில் சிக்கல் தருவதில்லை. 15 சென்டிமீட்டர் காங்கிரீட் கூரை மாடிக்குப் போகும் சிதறலுக்கு ஏராளம். எக்ஸ்ரே அறை முதல் மாடியில் இருந்து, கீழே ஆள் இருந்தால் மட்டும் கவனம் தேவை. படுக்கையில் எடுக்கும் படங்களின் முதன்மைக் கதிர் பெரும்பாலும் கீழ்நோக்கியே போகிறது. தரைத்தளத்தில், கீழே மண் மட்டுமே உள்ள இடத்தில் அறையை வைத்தால் இந்தக் கவலை முழுதும் நீங்கும்.

மற்றக் கருவிகளின் தேவை வேறு. மார்பகப் படக்கருவி 25 முதல் 35 கிலோவோல்ட்டில் இயங்குவதால் சாதாரணச் சுவரே அதற்குப் போதும். சிடி ஸ்கேனில் முதன்மைக் கதிரைக் கருவியே தடுத்துக்கொள்கிறது, ஆனால் சிதறல் எல்லாப் பக்கமும் பல மடங்கு கூடுதல். எனவே 25 சதுர மீட்டர் அறையும், கூரை தரை உட்பட எல்லாப் பக்கத்துக்கும் தனிக் கணக்கும் வேண்டும். பொது எக்ஸ்ரேக்குக் கட்டிய அறையைச் சிடிக்கு மாற்றுபவர் பழைய கணக்கை நம்பக்கூடாது.

கட்டி முடித்த பின் அளவீடு. படுக்கையில் நோயாளிக்குப் பதிலாகத் தண்ணீர் நிரம்பிய கலனை வைத்து, கருவியை உயர்ந்த கிலோவோல்ட்டில் இயக்கி, வெளியே கதவின் விளிம்பு, பூட்டின் இடம், ஜன்னல், மார்புச் சுவரின் பின்புறம், கட்டுப்பாட்டு இடம் ஆகியவற்றில் அயனிக்கலன் அளவியால் அளக்க வேண்டும். அளவி நிலைபெறச் சில நொடிகள் ஆகும். கண்ணிமைக்கும் நேரம் கதிர் பாய்ச்சி எடுத்த அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கிடைத்த அளவை வார வேலைப்பளுவோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். 100 மில்லியாம்பியரில் ஓடும்போது கதவருகே மணிக்கு 2 மில்லிராண்ட்கன் காட்டினால், வாரம் 3 நிமிடக் கதிருக்கு அது 0.1 மில்லிராண்ட்கன். பொதுமக்களுக்கான வார வரம்பான 0.02 மில்லிசீவர்ட் இந்த அலகில் ஏறத்தாழ 2 என்பதால் அந்தக் கதவு தேறுகிறது. வார்த்தையில் ‘சரி’ என்று எழுதிய சான்றிதழைவிட, இடம் இடமாக எண் குறித்த இந்த அறிக்கையே கிளினிக் உரிமையாளர் கேட்டு வாங்க வேண்டியது.

அந்த அறிக்கை அன்றைய நிலைக்கு மட்டுமே பொருந்தும். கருவி மாறினால், மார்பு நிலையம் இடம் பெயர்ந்தால், நோயாளிகள் இரு மடங்கானால், பக்கத்துக் கிடங்கு அறை அலுவலகமானால் கணக்கையும் அளவீட்டையும் மறுபடி செய்ய வேண்டும். புதிதாக அறை கட்ட இருப்பவர்கள், கொத்தனாரை அழைப்பதற்கு முன்பே வரைபடத்தைக் கதிர்ப் பாதுகாப்பு அலுவலரிடம் காட்டிவிட வேண்டும். மார்பு நிலையம் எந்தச் சுவரில், கதவு எந்தப் பக்கம், பெஞ்சு எங்கே என்பதைக் காகிதத்தில் மாற்றச் செலவு எதுவும் இல்லை.